நாற்பதாயிரத்தில் மூன்று

மேல்வீட்டுக்காரருக்குச் செருப்பை ஜோடியாகக் கழற்றிவிடத் தெரியாது. ஒன்று வாசலைப் பார்க்கும், இன்னொன்று படிக்கட்டைப் பார்க்கும். இதற்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் பேனா நின்றுவிட்டது. ஆளைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன்.

அலுவலகத்தில் அவரை மேதை என்பார்கள். வேறு கம்பெனியிலிருந்து எங்கள் குழுவுக்குத் தலைவராக வந்தவர். தகடு வெட்டும் பிரஸ் மிஷின்களுக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். அவர் எழுதுவார், நான் படித்து, சோதித்து, கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருடமாக அதுதான் என் வேலை. அவர் வீட்டில் வாரத்துக்கு எத்தனை நாள் சண்டை, அவர் மனைவி போனில் யாரிடம் அழுகிறாள் என்பதும் தெரியும். நான் ஒன்றும் தேடிப் போகவில்லை. கூரை மெலிசு.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். மிஷினுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். மேல் அச்சை இறக்குகிற த்ரெட், பாதுகாப்புக் கதவு மூடும்வரை தூங்க வேண்டும். மூடியதும் இன்னொரு த்ரெட் மணியடித்து எழுப்பும். அந்த மணிக்குத்தான் கண்டிஷன் வேரியபிள் என்று பெயர். மேதைக்கு இரண்டு மணி வைக்கச் சோம்பல். எண்ணெய் அழுத்தம் சரியானாலும் அதே மணிதான். ஆகவே எழுந்தவன் கதவை மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும், மூடவில்லை என்றால் மறுபடி படுக்க வேண்டும். அதற்கு ‘வைல்’ என்று எழுதுவோம். அவர் ‘இஃப்’ என்று எழுதியிருந்தார். படுக்குமுன் ஒரு தடவை பார்ப்பதோடு சரி. எழுந்தால் எதையும் பார்க்காமல் அச்சை இறக்கிவிடும். முதல் வருடப் பிள்ளைகள் செய்கிற தப்பு.

போதாததற்கு, கதவு திறந்தால் மிஷினையே நிறுத்திவிடுகிற மின்சுவிட்சை எடுக்கச் சொன்னதும் அவர்தான். புரோகிராமே போதுமாம்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். தப்பைக் கண்டவர் அதைச் சுவர்த்திரையில் போட்டு எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். கண்டவரே வாபஸ் வாங்கினால் பதிவே இருக்காது. நான் வாசித்தேன்.

“அக்கா, எழுப்பினா எழுந்து வேலையப் பாக்கப் போகுது,” என்றார் மேதை. “அது என்ன உங்கள மாதிரியா, யார் வீட்டுக் கதவு திறந்திருக்குன்னு அப்பப்ப எட்டிப் பாத்துக்கிட்டே இருக்க?”

சிரித்தார்கள். கையேடு எழுதுகிறவனுக்கு மூக்கு வழியாக டீ வந்தது. இத்தனைக்கும் அவன் பெண்ணுக்கு வரன் விசாரித்துச் சொன்னவள் நான்.

“சரிதான் தம்பி, வாபஸ் வாங்கிக்கறேன்,” என்றேன்.

பிறகு சோதனை. வெறும் மிஷினை நாற்பதாயிரம் தடவை ஓட்டினேன். மூன்று தடவை கதவு திறந்திருக்க, அச்சு இறங்கியது. சோதனைப் பதிவில் அந்த மூன்று வரிகளை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அழிக்காத பதிவின் நகல் சர்வரில் கிடந்ததை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். இத்தனை பேர் சேர்ந்து நான்கு வாரத்தில். பாராட்டுகிறேன்.

மிஷினைப் பட்டறையில் நிறுவிய அன்று, அதில் தகடு வைக்கிறவள் என்னிடம் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“சுவிட்ச எடுத்துட்டாங்களேக்கா. கைய உள்ள விட்டா ஒண்ணும் ஆகாதே?”

“சாரையே கேளேன்.” மேதை பக்கத்தில்தான் நின்றார், போனில்.

“அவரு பேசறது எங்க புரியுது! நீங்க சொன்னா சரி.”

“தைரியமா வை,” என்றேன்.

வேறென்ன சொல்வது? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் அவர் அங்கேயே அரை நிமிடத்தில் திருத்திவிட்டு, “நல்லவேளை, அக்கா எட்டிப் பாத்தாங்க” என்று இன்னொரு தடவை எல்லாரையும் சிரிக்க வைத்திருப்பார். அதற்கா நான் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? ஒரு தகடு வீணாகும், அவ்வளவுதான் என்று நினைத்ததாகச் சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். அவரும் ஒரு வக்கீல். நான் அப்படி நினைக்கவில்லை. கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருப்பது கைதான்.

பதினேழாம் நாள் காலை பத்தரைக்கு இறங்கியது. வலது கை, மணிக்கட்டு வரை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். “மிஷின சரி பண்ணிட்டாங்களாக்கா? அடுத்த ஷிப்டுக்காரி புதுசு.” பண்ணியாகிவிட்டது என்றேன். பொய்யில்லை. ‘இஃப்’பை ‘வைல்’ ஆக்க வேண்டியது, ஒரு சொல்தானே.

மறுநாள் மேதை எங்கள் எல்லாரையும் கூட்டினார். முகம் வீங்கியிருந்தது, இரவெல்லாம் அழுதது எனக்குக் கீழே கேட்டது. “அக்கா அன்னிக்கே சொன்னாங்க. நான்தான் கேக்கல. அவங்க சொன்னதுதான் சரி,” என்றார். எல்லார் முன்னாலும், என்னைக் கைகாட்டி.

இப்போது என் வாக்குமூலம் என்று நீங்கள் வாசித்துக் காட்டியதில் கையைப் பற்றி நான்கு வரி வருகிறது. அவர் இப்படிச் சொன்னது விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்த்துவிடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.