விகடகவியில் ஓர் எழுத்து

அலோ... அலோ, அக்காதான்டா. லேப்லருந்துதான். உன் ரிசல்ட் வந்துடுச்சு... இரு, சொல்றேன்... முதல்ல வண்டியை ஓரமா நிறுத்து... நிறுத்திட்டியா?

வெட்டலைடா... உன் டி.என்.ஏ.வை அந்த என்சைம் வெட்டலை... குறை இல்லைன்னா வெட்டியிருக்கும்... ஆமா... ஆமா, அண்ணனைக் கொண்டுபோன அதே நெஞ்சு வியாதி.

என்ன?... என்சைம் கெட்டுப் போயிருக்குமோன்னா? நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன்... சூடு பட்டா அதோட உருவம் குலைஞ்சிடும், அப்பவும் வெட்டாது. வாஸ்தவம்தான்...

அந்த என்சைம் ரெண்டு கை மாதிரிடா. ஒரே அச்சுல வார்த்த கை. டி.என்.ஏ. இழையை நடுவுல வெச்சு, இது இந்தப் பக்கமிருந்து படிக்கும், அது அந்தப் பக்கமிருந்து படிக்கும். அதனால அது படிக்கிற வார்த்தையும் எப்படிப் படிச்சாலும் ஒண்ணா இருக்கணும்... ஆங், அதேதான், விகடகவி! எல்லா எழுத்தும் சரியா இருந்தாத்தான் கை இறுகும், வெட்டும். ஒரு எழுத்து பிசகினாலும் தடவிப் பார்த்துட்டு விட்டுடும்... சிரிக்காதடா. புது என்சைம் ஒண்ணு பிரிச்சு மறுபடியும் பண்ணிட்டேன்... மறுபடியும் அதேதான்.

அண்ணன் ரத்தமா?... இருக்கு, ஃப்ரீசர்ல. மூடியில 'பெரியவன்'னு நான்தான் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க அவனையும் வெளிய எடுத்தேன்... தூங்குறவனை எழுப்புற மாதிரி இருந்துச்சு. போய் வருஷக்கணக்காச்சு, என் விரல் சூட்டுல கரைஞ்சு வர்றான்டா... ம்... டெஸ்ட்டுல விழுந்த அவன் டி.என்.ஏ. கோடும் உன் கோடும், வெட்டுப்படாம, ஒரே உயரத்துல, பக்கத்துல பக்கத்துல நிக்குது. விளக்கை அணைச்சிட்டேன். அணைச்சாலும் தெரியுது.

இல்லைடா, கேளு. அவன் விழுந்தப்புறம்தான் நமக்குத் தெரிஞ்சுது. உனக்கு இப்பவே தெரிஞ்சிடுச்சு. நாளைக்கே டாக்டரைப் போய்... ம்... ம்... தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு.

என்ன கேட்டே?... வேற யாரோடதையாவது வெட்டுச்சான்னா?... வெட்டுச்சு... நல்ல ரத்தம் ஒண்ணு கூட வெச்சுத்தானே பார்க்கணும்... யாரோடதா இருந்தா இப்போ என்னடா?... விடேன்...

என்னோடதுதான்.

ஆமா... ஆமா, அதே என்சைம்தான். என்னோடதைச் சுத்தமா வெட்டிடுச்சு...

என்ன சொன்னே?... டேய், அப்பாடான்னு சொல்லாதடா! நீ அப்பாடான்னு சொன்னா நான் எங்கடா போய் முட்டிக்கிறது?... அலோ?... தம்பி?... அலோ...