இருக்கையைத் திருப்பிப் போட்ட கதை

பேச்சு தொடங்குமுன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கும் தலைவர் அவர்களே, அதைக் கண்டு ஆறுதல் அடைந்திருக்கும் பெரியோர்களே, தக்காளிக்குத் தண்ணீர் விட்ட ஈரக் கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கறுத்துப்போன கையைக் கழுவாமலே கைதட்டக் காத்திருக்கும் கைத்தொழில் நண்பர்களே, மூன்றாம் வரிசையில் முகத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் மனைவியே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம் தோட்டக் கழகத்தின் கருவிக் கொட்டகையைத் திறக்கும் இந்நாளில், பழைய வண்டிப் பாகங்களில் தோட்டக் கருவி செய்வதைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்னை? வித்தை கற்றவனா நான்? வெல்டிங் வைக்கத் தெரிந்தவனா? வென்று காட்டியவனா? இல்லை ஐயா. அதிகமாகக் கெடுத்தவன் யாரென்று விசாரித்திருக்கிறார்கள். எல்லா விரலும் என் வீட்டைக் காட்டியிருக்கின்றன.

எங்கள் வீட்டுப் பின்புறம் முப்பதடி அகலம், எண்பதடி நீளம். பதினெட்டு ஆண்டுகள் அதை மண்வெட்டியால் கொத்தியவர் என் மனைவி. நான் நிழலில் நின்று ஊக்கம் கொடுத்தவன். சென்ற ஆண்டு அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனியவே கூடாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்தவர், அழவில்லை, புலம்பவில்லை. கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"வர்ற திங்க இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை வரார். சிமெண்ட் போட்டு மூடிடலாம். கொத்தாம கிடக்கற மண்ணைத் தினம் பார்த்துட்டு உக்கார என்னால முடியாது."

மறுநாளே பன்னிரண்டு மூட்டை சிமெண்ட் வாசலில் வந்து இறங்கியது.

"பத்து நாள் இருக்கில்ல? உழற வண்டி ஒண்ணு செஞ்சு தரேன்" என்றேன்.

"நீங்களா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருபத்தாறு ஆண்டு இல்லறம் இருந்தது.

பழைய இரும்புக் கடைக்குப் போனேன். மோதி நசுங்கிய சின்னக் கார் ஒன்று. அதன் எஞ்சின், கியர்ப்பெட்டி, சக்கரங்களைச் சுழற்றும் பின் ஆக்சில், மூன்றும் பழுதில்லை. கடைக்காரர் ஆக்சில் மேல் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டார்.

"அண்ணே, இது வானத்தைப் பார்த்து இருக்கணும். மாத்திடாதீங்க."

"தம்பி, யார்கிட்ட சொல்ற?"

நான் செய்த முதல் வேலை என்ன? அரை டப்பா மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த ஆக்சிலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கு போயிற்று, எண்ணெய் போயிற்று, அம்புக்குறியும் போயிற்று. வெல்டிங் வைக்க வந்த என் மைத்துனர் கேட்டார், "மாமா, இதுல எது மேல?" நான் தயங்கவில்லை. "எது பளபளன்னு இருக்கோ, அதுதான் மேல."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போனது. இரண்டாவது போட்டேன், இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மூன்றாவதில் அவரைக்கொடிப் பந்தல் சாய்ந்தது. நாலாவதைப் போடவில்லை, பின்னால் குளியலறை இருந்தது. ரிவர்ஸ் போட்டால் மட்டும் ஆமைபோல் முன்னால் நகர்ந்தது. ஆக்சிலைத் தலைகீழாக வைத்தால் எல்லாம் தலைகீழ்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தையற்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வண்டி வீட்ல எதையாவது மறந்துட்டு வந்துடுச்சா?"

என்ன ஐயா, அங்கே? பிரித்துத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்கிறீர்களா? போடலாம். வைத்த வெல்டிங்கை வெட்டிப் பிரிக்க மூன்று நாள். கொத்தனார் வர ஒரே இரவு.

படியில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பின்னாடி நல்லாத்தானே போகுது?"

"போகுது."

"அப்ப அதையே முன்னாடின்னு வச்சுக்குங்க. சீட்டைத் திருப்பிப் போடுங்க."

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இருக்கைக்கு நாலே போல்ட். ஸ்டியரிங் தண்டை வெட்டி எதிர்ப்பக்கம் ஒட்டினோம். கலப்பைக் கொழுவை மறுமுனைக்கு மாற்றினோம். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. ஒரு குறை மட்டும் மிச்சம்.

"இங்க பாரு, நீ இடது பக்கம் திருப்பினா இது வலது பக்கம் போகும்."

"இருபத்தாறு வருஷமா அப்படித்தானே ஓட்டிட்டிருக்கேன்? தள்ளுங்க."

குனியவில்லை, கொத்தவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே எண்பதடியையும் உழுது முடித்தார்.

அன்பர்களே, உடைந்த வண்டியில் உயிருள்ள பாகம் இல்லையா? உண்டு. ஓய்ந்த இடுப்புக்கு உழ வழி இல்லையா? உண்டு. நாம் வரைந்த படத்தின்படிதான் எல்லாம் ஓட வேண்டுமா? வேண்டாம். ஓடுகிற பக்கம் பார்த்து உட்காரத் தெரிந்தால் போதும். தூக்கிப்போடுமுன் திருப்பிப் பாருங்கள். மூடுமுன் உழுது பாருங்கள். முக்கியமாக, அம்புக்குறியைப் பெயிண்டில் போடுங்கள்.

திங்கட்கிழமை கொத்தனார் வந்தார். "மூட்டை இருக்கட்டும், வேற வேலை வரும்" என்று திருப்பி அனுப்பினார் என் மனைவி. வந்தது. எங்கள் மண்ணை மூட வாங்கிய அந்தப் பன்னிரண்டு மூட்டைதான், இன்று திறக்கும் கொட்டகையின் தரை.

இரும்புக் கடைக்காரருக்கும், மைத்துனருக்கும், இரண்டு முறை வந்த கொத்தனாருக்கும், பொறுமை காத்த உங்களுக்கும் நன்றி. என் மனைவி எழுந்து நின்று, இடப்பக்கப் படியில் இறங்கச் சொல்லிக் கை காட்டுகிறார். பழக்கதோஷம், வலப்பக்கமாக இறங்குகிறேன். வணக்கம்.