ஆறு வார்த்தைப் பூட்டு

— மணி நாலு இருபது ஆகுதுக்கா. நேத்துக் காலைலருந்து இது இப்படியேவா கிடக்கு?

— எது? நீ சொன்னபடிதானே செஞ்சேன். அந்த புரோகிராமை ஓட்டினேன், ரெண்டு ஃபைல் வந்துச்சு. ஒண்ணை நம்ம பத்திரிகைப் பக்கத்துல ஏத்தச் சொன்ன. ஏத்தினேன்.

— ஏதாவது ஒண்ணை ஏத்தச் சொல்லல. பப்ளிக் கீயை ஏத்தச் சொன்னேன்.

— இது அது இல்லையா?

— முதல் வரியைப் படி.

— பிகின்... பிரைவேட்... ஐயோ.

— பூட்டை ஊருக்கெல்லாம் குடு, சாவியை மடியை விட்டு எடுக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீ சாவியைக் கொண்டுபோய் வாசல்ல தொங்க விட்டிருக்க.

— ரெண்டு ஃபைலுக்கும் ஒரே பேருடா. உள்ளேயும் ரெண்டும் ஒரே கிறுக்கல்.

— முதல் வரியில கிறுக்கல் இல்லையே. தெளிவா எழுதியிருக்கே.

— முதல் வரியை யாரு படிக்கிறாங்க?

— பத்திரிகை நடத்துறவ கேக்குற கேள்வியா இது?

— கிண்டல் பண்ற நேரமாடா? அதை எடுத்துத் தொலை முதல்ல.

— நீ ஐயோன்னப்பவே எடுத்துட்டேன்.

— இரு, இரு. அது தப்பான ஃபைல்னா, அந்த மருந்துக் கம்பெனி லேப் ஆளு எப்படி மெயிலைப் பூட்டினாரு? அவரு அனுப்பினதை நேத்து சாயங்காலம் நான் திறந்து படிச்சேனே. ஒரு தடங்கலும் இல்லையே.

— அதுதான் வினை. பிரைவேட் கீக்குள்ளேயே பப்ளிக் கீயும் இருக்கும். அதனால பூட்டுற வேலை ஒழுங்கா நடந்திருக்கு. நடக்கலைன்னா அப்பவே முழிச்சிருப்போம்.

— இப்ப என்ன ஆகும்?

— பதறாத. ஒண்ணொண்ணாக் கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. அவரு என்ன எழுதினாரு?

— குழந்தைங்களோட இருமல் மருந்து. சோதனையில ரெண்டு தடவை தேறல. லேபிளை மாத்தி ஒட்டிக் கடைக்கு அனுப்பிட்டாங்க. சோதிச்சது அவரேதான்.

— பேரு போட்டிருக்காரா?

— போட்டிருக்காரு.

— அக்கா!

— அவரு ஏதோ கடை போன்லருந்து கூப்பிட்டப்ப நான்தான்டா கேட்டேன். பேரு தெரியாத ஆளு சொல்றதை நாங்க அச்சுல ஏத்துறதில்ல. பேரு, வேலை அட்டையோட படம், எல்லாத்தையும் உள்ளே வைங்கன்னேன். பூட்டினப்புறம் கடவுளே வந்தாலும் திறக்க முடியாதுன்னேன்.

— அது நான் உன்கிட்ட அடிச்ச வசனம்.

— அதையேதான் அவர்கிட்ட அடிச்சேன்.

— எங்கேருந்து அனுப்பினாரு?

— லேப்லருந்து.

— கம்பெனிக்குள்ளேருந்தா!

— அங்கே பன்னெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே மெயில். யாரு அனுப்பினதுன்னு தெரியாதுன்னாரு. நானும், பூட்டின பெட்டி எவன் கையில சிக்கினா என்ன, தாராளமா அனுப்புங்கன்னு சொல்லிட்டேன்.

— அப்ப பெட்டியோட நகல் கம்பெனி கையில. சாவி நேத்துலருந்து நம்ம வாசல்ல.

— புதுசா ஒரு ஜோடி செஞ்சிடலாம். பழசு செல்லாதுன்னு அறிவிச்சிடலாம். செய்ய முடியும்தானே?

— செய்யணும். ஆனா அது இனிமே வர்ற பெட்டிக்கு. போன பெட்டியைப் பழைய சாவி எப்பவும் திறக்கும். செல்லாதுன்னு நாம கத்துறது அதோட காதுல விழாது.

— அவருக்காவது சொல்லிடணும்டா.

— எங்கே சொல்லுவ? லேப் மெயிலுக்கு எழுதினா பன்னெண்டு பேரும் படிப்பாங்க. போன் நம்பர் இருக்கா?

— கேக்கல. தெரியாம இருக்கிறதே அவருக்கு நல்லதுன்னு நினைச்சேன்.

— வீடு?

— தெரியாது. ரெண்டு பொண்ணுங்க இருக்குன்னு மட்டும் எழுதியிருந்தாரு. சின்னது அதே மருந்தைக் குடிச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் தூக்கம் போச்சுன்னு ஒரு வரி. காத்தே இல்லடா இங்கே. ஜன்னலைத் திற.

— திறந்துதான் இருக்கு. தண்ணியக் குடி.

— யாராவது அந்த ஃபைலை எடுத்திருக்காங்களா? அதைப் பார்க்க முடியும்ல?

— பார்த்துட்டேன். ஒண்ணு லேப் ஆளு. இன்னொண்ணு, இப்ப, நான். நடுவுல ஒருத்தர். இன்னிக்கு மத்தியானம்.

— யாரு?

— கம்ப்யூட்டரோட நம்பர்தான் தெரியும், ஆளு தெரியாது. நேரா வந்து ஃபைலை எடுத்துட்டுப் போயாச்சு. ஒரு செய்தியைக்கூடப் புரட்டல.

— நம்ம செய்தியை யாரும் புரட்டுறதில்லைங்கிறது என்ன புதுசா?

— அக்கா, கிண்டல் பண்ற நேரமா?

— சிரிக்கலைன்னா அழுதுடுவேன்டா.

— மாமாவைக் கேட்டா என்ன? கம்பெனி கம்பெனியாப் போய் இந்த மாதிரிக் கம்ப்யூட்டர் களவைத்தானே அவரு துப்பறியுறாரு. நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை அவரு தூக்கத்துலயே செய்வாரு.

— வேண்டாம்.

— ஏன்?

— வேலை வாசப்படி தாண்டி வீட்டுக்குள்ளே வரக்கூடாதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே பேசிக்கிட்டோம். அவரு யாருக்கு வேலை பார்க்கிறாருன்னு நான் கேக்க மாட்டேன். நான் யாரைப் பத்தி எழுதுறேன்னு அவரு கேக்க மாட்டாரு. எட்டு வருஷமா குடும்பம் அந்த ஒண்ணுலதான் ஓடுது.

— சரி. அப்ப கடைசியா ஒரு கேள்வி. சாவிக்கு மேல ஒரு பாஸ்வேர்டு போடச் சொன்னேனே?

— போட்டேன்.

— போட்டியா! வாயைத் திறந்து சொல்லிடாத. எந்த மாதிரின்னு மட்டும் சொல்லு. பிறந்த தேதியா?

— நான் என்ன அவ்வளவு மக்கா?

— இன்னிக்கு அந்தக் கேள்வியை நீ கேக்காம இருக்கிறது நல்லது.

— ஆறு வார்த்தை. ஒரு முழு வாக்கியம். எந்தப் புத்தகத்துலயும் இல்ல, எங்கேயும் எழுதி வைக்கல. ஒருத்தர் ஒரே ஒரு தடவை என்கிட்ட சொன்னது.

— யாரு?

— உங்க மாமாதான். அப்ப அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நின்ன ஆளு.

— அப்ப மாமாவுக்குத் தெரியும்.

— அவருக்கா? இன்னிக்குக் காலைல கண்ணாடியைத் தலையில ஏத்தி வச்சுக்கிட்டு வீடு பூராத் தேடின மனுஷன். சொன்ன அன்னிக்கே மறந்திருப்பாரு. நான்தான் பைத்தியக்காரி மாதிரி பத்திரமா வச்சிருக்கேன்.

— ஆறு வார்த்தைன்னா... ஆயிரம் கம்ப்யூட்டரை முட்ட விட்டாலும் நம்ம ஆயுசுக்குள்ளே திறக்காது.

— நிஜமாவா?

— நிஜமா. தப்பிச்சோம்னு நினைக்கிறேன்.

— நினைக்கிறேன்னு இழுக்காதடா. ஆமாவா இல்லையான்னு சொல்லு.

— ஆமா. சரி, இப்படி உட்காரு. புதுசு செய்வோம். மவுஸைப் பிடி. இஷ்டத்துக்கு ஆட்டு.

— எதுக்கு?

— யாரும் ஊகிக்க முடியாத அசைவு கொஞ்சம் வேணும் அதுக்கு. அதுலருந்துதான் சாவி பிறக்கும்.

— கை நடுங்குதுடா.

— நடுங்கட்டும். அதைவிட நல்ல அசைவு எங்கே கிடைக்கும்?

— போதுமா?

— போதும். ரெண்டு ஃபைல் வந்தாச்சு. முதல் வரி. சத்தமா.

— பிகின்... பப்ளிக்.

— இன்னொரு தடவை.

— பப்ளிக், பப்ளிக், பப்ளிக். போதுமா?

— ஏத்து. இந்தத் தடவை பாஸ்வேர்டுக்கு வேற வாக்கியம் வை.

— படியில யாரோ வர்றாங்க. திரையை மூடு, மூடு.

— மாமாதான்க்கா. என்ன மாமா, வெளிச்சம் இருக்கும்போதே வந்துட்டீங்க?

— இருட்டினாத்தான் வரணும்னு சட்டமா மச்சான்? உங்க அக்காவைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். ஆசிரியரம்மா முகம் ஏன் இப்படிப் பேயறைஞ்சு கிடக்கு?

— ஒண்ணும் இல்ல. வேலை.

— ஓகோ. அப்ப கேக்க மாட்டேன்.

— நீங்க ஏன் இப்படிச் சொட்டச் சொட்ட நிக்கிறீங்க? காலைல கையில குடை குடுத்தேனே. அதையும் தொலைச்சாச்சா?

— தொலைக்கல. இந்தா, இருக்கு.

— விரிச்சாத்தானே குடை!

— விரிக்கத் தோணல, கீழேயே கொஞ்ச நேரம் மழையில நின்னுட்டேன். மச்சான், காரைத் தெருவை அடைச்சு நிறுத்திட்டு வந்துட்டேன். கீழே ஹாரன் கேக்குது பாரு. இந்தா சாவி, கொஞ்சம் தள்ளி விட்டுட்டு வாயேன்.

— சரி மாமா.

— அவனை எதுக்குக் கீழே அனுப்பினீங்க?

— இந்த ஒரு தடவை நம்ம பேச்சை மீறப்போறேன். வீட்டுக்குள்ளேதானே பேசக்கூடாது, இது உன் ஆபீஸ்.

— என்னங்க, பயமா இருக்கு.

— எனக்கும்தான். மத்தியானம் ஒரு மருந்துக் கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க. லேப்லருந்து பூட்டின மெயில் ஒண்ணு வெளியே போயிருக்கு, யாரு அனுப்பினதுன்னு பார்த்துச் சொல்லுன்னு. எங்கே போயிருக்குன்னு பார்த்தேன். உன் பத்திரிகைக்கு.

— மத்தியானம் அந்த ஃபைலை எடுத்தது...

— நான்தான்.

— ஐயோ.

— பாஸ்வேர்டு கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. முயற்சி பண்ணேன், திறக்கலைன்னு எழுதிட்டு எழுந்திரிச்சிடலாம். ஆனா முயற்சி பண்ணாம அப்படி எழுதினா பொய்தானே? அதனால, நிச்சயமாத் திறக்காதுன்னு தோணின ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன்.

— என்ன போட்டீங்க?

— நனையறதுன்னு ஆனப்புறம் குடை எதுக்கு, வா நடப்போம்.

— அது பஸ் ஸ்டாப்புல நீங்க சொன்னது!

— முதல்ல திறக்கல. நிம்மதியா எழுந்திரிக்கப் போனேன். அப்பத்தான் நீ வார்த்தைக்கு நடுவுல இடம் விடவே மாட்டேங்கிறது ஞாபகம் வந்துச்சு. என் கை சும்மா இருந்திருக்கலாம். இருக்கல.

— அவர் பேரு... அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?

— முடியலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். என் தொழில்ல நான் எழுதின முதல் பொய். இனி யாரைக் கூப்பிட்டாலும் அவங்களால ஆகாது. அதைத் திறக்கத் தெரிஞ்சவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்.

— என்னங்க...

— நன்றியெல்லாம் வேண்டாம். மழையில வர்ற வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு மட்டும் பதில் சொல்லு. எனக்கு மறந்துபோயிருக்கும்னு நம்பித்தானே அதை வச்ச?