தூரமானவளுக்குத் தனி டிரைலர்

திருச்சிராப்பள்ளி மாவட்டம், பெரம்பலூர் வட்டம், நத்தவெளி கிராமம், கீழத்தெருவில் வசிக்கும் காலஞ்சென்ற இராமலிங்கத்தின் மனைவி முத்தாயி, வயது சுமார் 38, 1983-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி காலை காவல் நிலையத்தில் தானாகவே ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து காட்டு வேலைக்குப் போய்ப் பிழைத்து வருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண் சுமாராகத் தெரியும். காது நன்றாகக் கேட்கும். காதைப் பற்றி எழுத வேண்டியதில்லை என்று ஏட்டையா சொன்னார். "எழுதுங்க சாமி, பின்னாடி அதான் வேணும்" என்று நான் சொன்னதன் பேரில் எழுதிக்கொண்டார்.

என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். எங்களுக்கு ஒரே மகள் கமலவேணி, வயது 17. என் கணவரின் அண்ணன் தர்மராஜ் அடுத்த வீட்டில் இருக்கிறார். கணவர் போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கிறபடிதான் நடக்கும். இப்போது இந்த நிலையத்தில் அடைத்து வைத்திருக்கும் டிராக்டர் டிரைவர் செல்லக்கண்ணு என் கூடப்பிறந்த தம்பி. ஊர்ப் பெரிய விவசாயி அரங்கநாதனிடம் டிராக்டர் ஓட்டுகிறான். கமலவேணியை அவனுக்கே கட்டிக் கொடுப்பதாக ஆவணி மாதத்துக்குப் பேசி வைத்திருந்தோம்.

சென்ற மாசி மாதம் கமலவேணிக்கு விஷக்காய்ச்சல் வந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கைவிட்ட மாதிரி பேசினார்கள். அப்போது நான், புள்ளை பிழைத்தால் சிறுவாச்சூர் ஆத்தாளுக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒருத்தர் மிச்சமில்லாமல் வருகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். புள்ளையும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

எங்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இப்படி வேண்டுதலுக்குப் பொங்கல் பானையோடு புறப்பட்டால் எல்லோரும் ஒரே புறப்பாடாகப் போக வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் கோயில் வாசலில் போய் இறங்கும்வரை நிற்கக் கூடாது, யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவும் கூடாது. திரும்பிப் பார்த்தால் எதற்காக வேண்டினோமோ அது திரும்பிவிடும் என்பார்கள். என் மாமியார் காலத்திலிருந்து இது நடந்து வருகிறது. இதை ஏட்டையா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, இந்த மாதம் 16-ஆம் தேதி திங்கட்கிழமை புறப்படுவதென்று தர்மராஜ் முடிவு செய்தார். அந்தக் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். அரங்கநாதன் டிராக்டரையும் ஆள் ஏறிப்போகப் பெரிய டிரைலர் ஒன்றையும் தம்பி கேட்டதற்காகக் கொடுத்தார். ஒரு டிரைலருக்குத்தான் அவரிடம் கேட்டிருந்தோம். பின்னால் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை விடிந்ததும் கமலவேணி மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டு வீட்டுக்குள் வராமல் இருந்தாள். நான் கிட்டே போனதும், "அம்மா, தூரமாயிட்டேன், யாருகிட்டயும் சொல்லாத" என்றாள். கோயிலுக்கு வரமுடியாமல் போய்விடுமே என்று அழுதாள். கழுத்தில் போட அவள் மாமன் வாங்கி வந்த பாசிமணியை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் தெரிந்தே தீட்டோடு பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் காய்ச்சல் மறுபடியும் வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று நானே தர்மராஜிடம் போய்ச் சொன்னேன்.

அதன் பிறகு தர்மராஜ், பானை இருக்கிற வண்டியில் அவளை ஏற்றக் கூடாது என்றார். என் தம்பி, "அப்ப வெள்ளிக்கெழம போவோம் மாமா, என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டான். கிடாவுக்கு மாலை போட்டாகிவிட்டது, உறவு ஜனம் எல்லாம் வந்து இறங்கிவிட்டது, போட்ட மாலையைக் கழற்றக் கூடாது என்று தர்மராஜ் மறுத்தார். அப்படியானால் புள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று நான் கேட்டதற்கு அவர், "வேண்டுதலே அந்தப் புள்ளைக்குத்தானம்மா. அது இல்லாம போயி யாருக்குக் கிடா வெட்டறது?" என்றார். எங்கள் களத்தில் எரு அடிக்க நிறுத்தியிருந்த அரங்கநாதனின் சின்ன டிரைலர் ஒன்று கிடந்தது. அதைப் பெரிய டிரைலருக்குப் பின்னால் கோத்துவிடுவது, கமலவேணி கிடாவோடும் விறகோடும் அதில் வருவது, கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் அவள் தனியாக உட்கார்ந்துகொள்வது என்று அவரே முடிவு செய்தார். "பெட்டி வேற ஆயிடுச்சுன்னா தீட்டு இல்ல. பொறப்பாடும் ஒண்ணாப் போயிடும்" என்று சொன்னார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கும்போது இரண்டு டிரைலர் கோத்து ஓட்டியிருக்கிறான்தான். ஆனால், "கரும்பு சரிஞ்சா அள்ளிப் போட்டுக்கலாம் மாமா. ஆளு சரிஞ்சா என்னா பண்றது? பின்னாடி பெட்டி பாம்பு கணக்கா ஆடும்" என்று சொன்னான். இரண்டு டிரைலரையும் கோக்கும் இரும்புப் பின் இருந்தது, அந்தப் பின் கழலாமல் அடியில் மாட்டும் கிளிப்பைக் காணவில்லை. அதையும் எல்லோருக்கும் காட்டினான். தர்மராஜ், "ஆத்தாளுக்குப் போற வண்டி, ஆத்தா பாத்துக்குவா. நீ என்னடா மாப்ள, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் இழுக்கற" என்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். வண்டியில் ஏறாமல் எட்டி நின்ற கமலவேணியும் சிரித்தாள். தம்பி கட்டுக்கம்பி வாங்கி வந்து பின்னுக்கு அடியில் முறுக்கிக் கட்டினான். வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னான்.

அதன் பிறகு எல்லோரும் ஏறினோம். தர்மராஜ் டிராக்டர் மட்கார்டில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பம்பை அடிக்கும் அமாவாசையும் ஜனங்களும் பெரிய டிரைலரில் இருந்தார்கள். நான் அதே டிரைலரில் கடைசியாக, பின்பலகைக்கு முதுகைக் கொடுத்து, பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சின்ன டிரைலர். அதில் என் மகள் கிடாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்தப் பலகையும் ஒரு ஆள் நீளத்துக்கு இரும்பும்தான்.

ஊர் எல்லை தாண்டியதும் அமாவாசை பம்பையை எடுத்தார். பெரம்பலூர் ரோட்டில் ஏறிய பிறகு ஏரி மதகு வந்ததும், நிறுத்திக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்று தம்பி வண்டியை மெதுவாக்கினான். "எல்ல தாண்டியாச்சு, நிக்கக் கூடாது, விடு" என்று தர்மராஜ் சத்தம் போட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. தம்பி மறுபடியும் வேகம் எடுத்தான்.

அதன் பிறகு ஓடைப்பாலத்துக்கு இறங்கும் சரிவு வந்தது. அப்போது முதல் தடவையாக என் மகள் "அம்மா" என்று கூப்பிட்டாள். பம்பை அடித்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் கேட்டது. பெற்றவளுக்குக் கேட்காமல் இருக்குமா? தண்ணீர் கேட்கிறாள், கோயிலுக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உடனே மறுபடியும், "அம்மா, நிறுத்தச் சொல்லும்மா, ஆடுது" என்று கத்தினாள். அதுவும் எனக்குக் கேட்டது. எனக்குக் கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பிப் பார்த்தால் அந்தக் காய்ச்சல் திரும்பிவிடும், புள்ளை செத்துப்போவாள் என்று பயந்து, பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு என் முதுகுக்குப் பின்னால் டங்கென்று இரும்பு தட்டியது. அடுத்து தார் ரோட்டில் இரும்பு தேய்ந்து கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் டிராக்டர் ஒரே சீராகத்தான் போய்க்கொண்டிருந்தது, குலுங்கவில்லை, பிரேக் போடவில்லை. அந்தக் கரகர சத்தத்துக்குப் பிறகுதான் தர்மராஜ், "டேய், திரும்பாதடா, திரும்பாதடா" என்று அலறியது கேட்டது. அதன் பிறகுதான் பிரேக் விழுந்து எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். இந்த வரிசையில் எனக்கு மாற்றம் இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா திருப்பித் திருப்பிக் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

வண்டி நின்ற பிறகும் நான் உடனே திரும்பவில்லை. பானையைக் கீழே வைக்கக் கூடாதே, யாரிடம் கொடுப்பது என்று சுற்றிலும் பார்த்தேன். அதற்குள் என் தம்பி குதித்து ஓடினான். அதன் பிறகு நான் இறங்கிப் பார்த்தபோது சின்ன டிரைலர் சரிவில் உருண்டு காய்ந்த ஓடைக்குள் குப்புறக் கிடந்தது. விறகுக்கட்டுகள் ரோடெல்லாம் சிதறியிருந்தன. என் மகள் டிரைலருக்கு அடியில் இருந்தாள். தம்பி ஒண்டியாக அதைத் தூக்கப் பார்த்துக் கை கிழிந்து ரத்தம் ஒழுகியது. மேலே நின்றவர்களில் சிலர் அப்போதும் கோயில் இருக்கும் திசையைப் பார்த்தபடியே நின்றார்கள். பிறகு எல்லோருமாகத் தூக்கினோம். உயிர் இல்லை. முகத்தில் ஒரு காயமும் இல்லை. பாசிமணி அறுந்து மணலில் கொட்டியிருந்தது. கிடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இந்த நிலையத்து வேப்பமரத்தில் மாலையோடு கட்டியிருப்பதை இப்போது வரும்போதும் பார்த்தேன்.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரி வாசலில் தர்மராஜ் என்னிடம் வந்து, செல்லக்கண்ணு திரும்பிப் பார்த்ததால் ஆத்தாளுக்குக் கோபம் வந்துவிட்டது என்றும், அவன் திரும்பிய வேகத்தில் பிரேக் போட்டதால்தான் இரும்புப் பின் கழன்றது என்றும், அப்படியே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். "பம்ப சத்தத்துல ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடு முத்தாயி. உன்னைய யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க" என்றார். பழிபோடுகிற வாய்க்கு ஆத்தாளும் ஒரு சாக்கு. டிரைலரைக் கோக்கச் சொன்னது அவர் வாய். நிறுத்தாதே என்று சொன்னதும் அவர் வாய். இதை அவர் எதிரில் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

நேற்று என் மகளைப் புதைத்தோம். தம்பி இல்லை. இன்று விடியலில் இங்கு வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்தேன். சோறு வாங்கிக் கொடுத்தும் தொடவில்லை என்று சொன்னார்கள். "நாந்தான்னே எழுதிக்கட்டும் அக்கா, எனக்கு வெளிய வந்து என்னா இருக்கு" என்றான். நான் அவனிடம், "எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்தாண்டா பாவி" என்று திட்டிவிட்டு ஐயாவிடம் வந்தேன்.

இரும்புப் பின் முதலில் கழன்றதா, பிரேக் முதலில் விழுந்ததா என்பதுதான் வழக்கு என்று ஐயா விளக்கினார். அதைப் பக்கத்திலிருந்து கண்ணால் பார்த்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். நான் பார்க்கவில்லை. காதால் மட்டும்தான் கேட்டேன். பம்பை சத்தத்தில் இரும்பு தேய்ந்தது மட்டும் கேட்டது, மகள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் நம்பாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதச் சொன்னேன். என் தம்பி மேல் தப்பு இல்லை. அந்த வண்டியில் போன அத்தனை பேரிலும் என் மகளைத் திரும்பிப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான்.

எழுதியதை ஏட்டையா எனக்குப் படித்துக் காட்டினார். "அதுவும் எனக்குக் கேட்டது" என்று வரும் இடத்தில், அம்மா, இது வேண்டுமா, ஊர் உன்னைச் சும்மா விடாது என்று கேட்டார். அதை அடிக்க வேண்டாம் என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. யார் தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்னேன்.

இடது கைப் பெருவிரல் ரேகை: முத்தாயி