காலைத் தரையில் வையுங்கள்

— காலக் கீழ வைங்கண்ணே. தரையில. ரெண்டு காலையும்.

— பிரேக்குல கால் இல்லாம எப்படி நிறுத்துறது, ஜபருல்லா தம்பி? நான் காடியத் தொட்டே நாலு மாசமாச்சு. வீட்ல இருந்து இங்க வரைக்கும் நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க.

— இந்த ரோட்டுல நம்மள விட்டா ஒரு பூனகூட இல்லலா. கியர எடுத்தாச்சு, மெதுவாத்தான் உருளுது. ஒண்ணும் ஆகாது.

— நீங்க மெக்கானிக்கு, சொல்லுவீங்க. அஞ்சு மணிக்கு அக்கரை பட்டர்வொர்த்ல இருந்து ஆள் வர்றார், காடிய வாங்க. இந்த மோரிஸ் மைனர் கார எங்கயாச்சும் இடிச்சு வச்சா அவருக்கு நான் என்னத்தச் சொல்ல?

— விக்கிறது அப்புறம். பிரேக்க மிதிச்சா எங்க ஆடுதுன்னு சொல்லுங்க. ஸ்டேரிங்லயா?

— இல்ல. கால்ல. வலது கால்ல மட்டும், கிடுகிடுன்னு.

— யார்கிட்டயாச்சும் காட்டுனீங்களா?

— காடியில என்ன இருக்கு காட்ட? எங்க அண்ணன் தேனப்பனுக்கும் கால்லதான் தொடங்குச்சு. அப்புறம் கை. அப்புறம் டம்ளரப் பிடிக்க முடியல. ஆறு வருஷம் நான்தான் கூட இருந்து பாத்தேன். தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம், ஸ்கூல் வாசல்ல பிரேக்க மிதிக்கிறேன், பிள்ளைங்க ரோட்டத் தாண்டுது, என் கால் நடுங்குது. அன்னைக்கே சாவிய ஆணியில மாட்டிட்டேன்.

— டாக்டர்கிட்ட போகல?

— போகல. அதுக்கு ஒரு பேரு வச்சிட்டா, அப்புறம் அது நம்ம வீட்லயே உக்காந்துக்கும்.

— ஆச்சிக்குத் தெரியுமா?

— சிவகாமிக்கா? கட்டுனவகிட்டயே கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லி வச்சிருக்கேன். வித்துட்டா கேள்வியே இருக்காது பாருங்க.

— சரி. கால் தரையில இருக்கா?

— இருக்கு.

— இப்பக் கைபிரேக்க இழுங்க. பெலான் பெலான், மெதுவா. பட்டன விட்றாதீங்க.

— தம்பி.

— ம்.

— லீவரு என் கையத் தள்ளுது. விட்டு விட்டுத் தள்ளுது. அதே ஆட்டம்.

— கால் எங்க?

— தரையில இருக்கு தம்பி. அது பாட்டுக்குச் சும்மா இருக்கு. இன்னொரு தடவ பாக்கலாமா?

— பத்து தடவ பாருங்கண்ணே. ஓட்டிட்டு வரும்போதே எனக்குத் தெரிஞ்சுச்சு. வாயால சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பீங்க, அதான் உங்களையே உக்கார வச்சேன்.

— கொஞ்சம் ஓரமா நிக்கட்டும். மூக்குக்கண்ணாடியத் தொடச்சிக்கிறேன்.

— தொடைங்க. அவசரமில்ல. அப்புறம் பட்டறைக்குப் போவோம்.

— என்ன தம்பி, பட்டறைக்கு வந்ததுமே நேரா பின் சக்கரத்தக் கழட்டிப் போட்டுட்டீங்க?

— ஸ்டேரிங் ஆடல, கைபிரேக்குல ஆடுது. அது பிடிக்கிறது பின் சக்கரத்த மட்டும்தான். சக்கரத்துக்குள்ள இருந்த இந்த பிரேக் ட்ரம்ம நான் சுத்துறேன், அளவுமானி முள்ளப் பாருங்க.

— மேல போகுது. கீழ வருது.

— அசையவே கூடாது. வட்டம் போயி முட்ட மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் மேடு வந்து உள்ள இருக்கிற பிரேக் ஷூவத் தள்ளுது, ஷூ பிரேக் ஆயிலத் தள்ளுது, ஆயில் பெடலத் தள்ளுது, பெடல் உங்க காலத் தள்ளுது. கால் என்னண்ணே செய்யும், பாவம்.

— எப்படி ஆச்சு இது?

— நீங்கதான் சொல்லணும். தைப்பூசத்துக்கு எங்க ஓட்டுனீங்க?

— வெள்ளி ரதத்துக்குப் பின்னாடி. கோயில் வீட்ல இருந்து தண்ணீர்மல முருகன் கோயில் வரைக்கும். பின் சீட்ல மோர்ப் பானை. ஆள் நடக்குற வேகம்தான். மிதிச்சு மிதிச்சுக் கால் அசந்துபோயி, கைபிரேக்க ஒரு பல்லு தூக்கி வச்சே ஓட்டுனேன்.

— நாள் பூரா?

— பூரா. வழியெல்லாம் சனம் தேருக்கு மஞ்சத் தண்ணி ஊத்துச்சு. ரதத்தோட வர்ற வண்டின்னு நம்ம சக்கரத்துக்கும் குடம் குடமா ஊத்துனாங்க. நானும் கும்பிட்டுக்கிட்டேன்.

— கொதிக்கிற இரும்புல பச்சத் தண்ணி. அப்புறம்?

— கோயில் மேட்டுல கைபிரேக்க முழுசா இழுத்துட்டு, மறுநாள் வரைக்கும் அங்கயே விட்டேன்.

— அப்ப பக்தியிலதாண்ணே கோணிக்கிச்சு. சாமி பொறுத்துக்கும், ட்ரம்மு பொறுக்காது.

— மாத்தணுமா? டிஸ்க் பிரேக் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க.

— எதுக்கு? இன்னும் கனம் நல்லா இருக்கு. லேத்துல குடுத்து லேசா வழிச்சா வட்டமாயிரும். ஷூவையும் அதுக்கேத்த மாதிரி தேச்சுடறேன். ரெண்டு மணி நேரம். டீ குடிச்சிட்டு வாங்க.

— நான் எங்கயும் போகல. இங்கயே உக்காந்து பாக்குறேன்.

— ரோட்டுக்கு வந்தாச்சு, பிரேக்க மிதிங்க. இப்ப எப்படிண்ணே இருக்கு?

— பேசாதீங்க. அடுத்த சிக்னலும் வரட்டும். ம். நின்னுருச்சு தம்பி. வச்ச எடத்துல கால் இருக்கு.

— அழாம ஓட்டுங்கண்ணே, ரோடு தெரியணும்லா.

— நாலு மாசம் தம்பி. பொழுது விடிஞ்சா மொதல் வேலையா கால் கட்டவிரல அசைச்சுப் பாப்பேன். உங்களுக்கு நான் என்ன சொல்லட்டும். என் காலையே என்கிட்ட திருப்பிக் குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி தம்பி. நல்லா இருக்கணும் நீங்க.

— மணி நாலரை ஆச்சுண்ணே. அந்தாளு வந்துருவாரு.

— விக்கிறதா இல்ல. ஆனா வாக்குக் குடுத்துட்டேனே. நெட்ல விளம்பரம் போட்ட மூணாம் நாளே கூப்பிட்டார். ஒரிஜினல் ட்ரம்மோட வேணும், ஜபருல்லாகிட்ட பிரேக்கக் காட்டிட்டுத்தான் தரணும்னு எவ்வளவு விவரமாக் கேட்டார் தெரியுமா. ஓரமா நிறுத்துறேன், போன் போட்டு மன்னிப்பாவது கேட்டுடறேன். இந்நேரம் ஃபெரி ஏறியிருப்பார், பாவம்.

— போட வேணாம்ண்ணே. யாரும் ஃபெரி ஏறல.

— அவர் வரலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காடிய வாங்குறேன்னு போன்ல பேசுனது என் மச்சான் நூர் முகம்மது, அவனுக்குக் காடி ஓட்டவே தெரியாது. பேசச் சொன்னது உங்க வீட்டு ஆச்சி. விளம்பரம் போட்ட மறுநாளே பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்துட்டாங்க. 'கண்ணு தெரியலங்கிறார், ஆனா அண்ணனுக்கு ஆடுன மாதிரி ஆடுதான்னு எந்நேரமும் காலையேதான் பாத்துக்கிட்டு இருக்கார். ஆடுறது காலா காடியான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு தம்பி, கால்னா நான் பாத்துக்கிறேன், காடின்னா நீ பாத்துக்க'ன்னாங்க.