அரியநாயகத்தாரை அம்மனாக்கின கதை

ஹலோ... ஓம் தனுசியா, கொம்மாதான் கதைக்கிறன்... ஓம், ஓம், 'அரியநாயகத்தாரிலை அம்மன்' எண்டு போட்ட வீடியோவை நானும் பாத்தனான். புங்குடுதீவுச் சனம் உலகம் முழுக்கப் பாத்திட்டுது, சுவிசிலை நீ மட்டும் பாக்காமல் இருப்பியோ... கத்தாதை பிள்ளை. கொப்பரிலை அம்மனும் வரேல்லை, ஒண்டும் வரேல்லை. தலை சுத்தினது, அவ்வளவுதான்.

...பொறு, சொல்லுறன். கோயில்லை பூசை முடிய விழுந்து கும்பிட்டவர். கும்பிட்டிட்டு இளந்தாரி மாதிரி விசுக்கெண்டு எழும்பினார்... ஓம், பாக்கின்சன் வருத்தக்காரருக்கு எழும்பேக்கை பிரஷர் விழும், ஆறுதலா எழும்பச் சொல்லி டொக்டர் சொன்னவர்தான். கொப்பர் ஆர் சொன்னதைக் கேட்டவர்? ஆள் தள்ளாடுது, கண் மேலை போட்டுது, கை வேறை நடுங்குது. தவில்காரனும் விட்டு அடிச்சான். பிறகென்ன, பக்கத்து வீட்டுச் சின்னாச்சி 'தாயே' எண்டு காலிலை விழுந்து, காணாமல் போன மாடு எங்கை எண்டு கேட்டவள்.

...ஓம், சொன்னவர். சரவணமுத்தற்றை பின்வளவிலை எண்டு. அந்த மாடு எப்பவும் அங்கைதான் நிக்கிறது, ஊருக்கே தெரியும். ஆனா அம்மன் சொன்னால் அது வேறையெல்லே. அடுத்த வெள்ளி எங்கடை வாசல் படலையடியிலை வாக்குக் கேக்கச் சனம்.

...குளிசையோ? நேரத்துக்குக் குடுக்கிறன்... ஓம், ஓம், சாப்பாட்டுக்கு முன்னம்... கக்கூசோ? அதை மட்டும் கேக்காதை. பப்பாப்பழம், முருங்கையிலை, நீ அனுப்பின தூள், எல்லாம் உள்ளை போகுது, திரும்பி வரத்தான் மனமில்லை. வாக்குக் கேக்கச் சனம் வாசல்லை நிக்குது, அம்மன் கக்கூசுக்குள்ளை முக்கிக்கொண்டு இருக்கிறா... சிரிக்காதை... மணமோ? அதுவும் போட்டுது. கற்பூரத்தை மூக்கிலை பிடிச்சாலும் தெரியாது. கறி அடிப்பிடிச்சாலும் பேசாமல் திண்டிட்டுப் போறார். இந்த வருத்தத்திலை எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான்.

...என்ன? இந்த அம்மன் கூத்தை ஏன் விட்டுக்கொண்டு இருந்தனான் எண்டோ?

...கேள். இந்த வருத்தம் வந்த நாள் தொட்டு மனுசன் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தவர். தேத்தண்ணி வேணுமோ எண்டாலும் மறுமொழி இல்லை. என்னோடைதான் ஏதோ கோவம் எண்டு நினைச்சு நானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சனான். பிறகுதான் டொக்டர் சொன்னவர், நடுக்கம் மாதிரி அந்த மனச்சோர்வும் வருத்தத்தோடை வாறதாம்... ஓம், அதுக்கும் குளிசை துவங்கியாச்சு. பலன் தெரியக் கொஞ்சம் செல்லுமாம்... அதுக்கிடையிலைதான் இந்தக் கூத்து. வெள்ளிக்கிழமை தானாச் சவரம் எடுத்து, வேட்டி கட்டி, விறாந்தையிலை கதிரை போட்டு இருந்தார். சனத்தோடை கதைச்சார் பிள்ளை. சிரிச்சவர். நான் என்ன செய்ய? வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தினன்.

...ஓம், பிழைதான். ஓம். போன வெள்ளி இராசமணி வந்து, பேரனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவோ விடவோ எண்டு கேட்டவள். கொப்பருக்கு முகம் வெளிறிப்போச்சு. 'அம்மனும் இல்லை ஆத்தையும் இல்லை. எனக்கு அண்டைக்குத் தலை சுத்தினது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு' எண்டார்.

...ஓம், கொண்டு போனவை. பிள்ளைக்கு இப்ப சுகம்... சனமோ? சனம் அப்பிடியே கலைஞ்சு போச்சு. சின்னாச்சி தான் தந்த வாழைக்குலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவள்... அழாதை. நிப்பாட்டச் சொல்லி நீ கேட்டது தானே நடந்திருக்கு.

...ஓம், இண்டைக்கும் வெள்ளிதான். சவரம் எடுத்திட்டார். வேட்டியும் கட்டி, படலையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். ஒரு காக்கா குருவி வரேல்லை... இல்லை, போனைக் குடுத்துப் பிரயோசனம் இல்லை. உனக்கு 'ம்' எண்டுவார், பிறகு சுவர்தான்.

...சரி, நான் வைக்கப்போறன்... வேலை இருக்கு. குளிச்சிட்டன், நல்ல சீலை உடுத்திட்டன், பூவும் ஆஞ்சு வைச்சிருக்கிறன். பின்வளவாலை சுத்திப் போய்ப் படலையாலை வரப்போறன்... ஓம், விசர்தான். வாக்குக் கேக்க ஆராவது ஒரு ஆள் வரத்தானே வேணும்.

...என்னத்தைக் கேக்கிறதோ? என்ரை மனுசன் எப்ப என்னோடை முகங்குடுத்துக் கதைப்பார் எண்டுதான். வை பிள்ளை, வை.