அத்தை வீட்டில் மூணு ராத்திரி

— பதினெட்டு மாசம்னு நீதான் சொன்னே லலிதா. அப்பவே எழுதி வாங்கியிருக்கணும், என் தப்பு. இப்ப இருபத்தொண்ணு ஆகுது.

— ரெண்டு வயசு முடியட்டும் மதினி. ஆகஸ்ட்டுல முடியுது. அதுக்கப்புறம் பாலை நானே நிப்பாட்டிருதேன்.

— முதல்ல சிவராத்திரி போகட்டும்னே. அப்புறம் உகாதி போகட்டும்னே. எங்க கடைக்கு ஜாக்கெட் பிட்டு எடுக்க வர்ற அம்மாங்ககூட இத்தனை வாட்டி 'நாளைக்கு வரேன்'னு சொன்னதில்ல.

— இது ஜாக்கெட் பிட்டு இல்ல. பிள்ளை குடிக்க பால்.

— ஹவ், ஆமா, தெரியும்மா. அதனாலதான் கடைய அவர் தலையில கட்டிட்டு, லாலாகுடாவிலேருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த வெயில்ல கொண்டாப்பூர் வந்து உக்காந்திருக்கேன். டேய் முரளி! லேப்டாப்பை மூடு. உன் பொண்ணுக்குத்தான் பஞ்சாயத்து நடக்குது.

— அக்கா, ரெண்டரைக்கு எனக்கு ஒரு கால் இருக்கு.

— ஞாயித்துக்கிழமை என்னடா கால்? வாயைத் தொறந்து ஒரே பேச்சு சொல்லு. சாஹிக்குப் பால் மறக்கடிக்கணுமா, வேணாமா?

— மறக்கடிச்சா நல்லதுதான்க்கா. ராத்திரி மூணு தடவை எழுந்து அழறா. லலிதாவும் தூங்கறதில்ல, நானும் தூங்கறதில்ல.

— நீங்களும் தூங்குததில்லயாக்கும்! சரி, நல்லா இருக்கு.

— அவனை விடு, என்னைப் பாரு. எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் அத்தைதான் பால் மறக்கடிச்சிருக்கா. மூணு ராத்திரி அத்தை வீடு. நாலாம் நாள் காலையில தலைக்கு ஊத்தி, புதுத் துணி போட்டு, கொண்டாந்து அம்மாகிட்ட விடறது. எங்க தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலைக்குச் சேந்து இந்த ஊருக்கு வந்ததிலேருந்து இதுதான் நடக்குது. இதோ உக்காந்திருக்கானே, இவனையும் மௌலா அலியில இருந்த எங்க அத்தைதான் தூக்கிட்டுப் போனா. எனக்கு அப்ப ஒம்பது வயசு. இவன் கத்தின கத்துல, மலை மேல தர்காவுக்குப் போயிட்டு இறங்கின ஜனங்க வாசல்ல நின்னு 'கியா ஹுவா', என்னாச்சுன்னு கேட்டுட்டுப் போனாங்க.

— அக்கா, ப்ளீஸ்.

— பாத்தீங்களா மதினி? மூணு நாளு அப்படிக் கத்த விட்டுத்தான் மறக்கடிக்கணுமா? எங்க கோவில்பட்டிப் பக்கம்லாம் வேப்பெண்ணெயத் தடவிக்கிடுவாக. ரெண்டு வாட்டி வாய வச்சுப் பாத்துட்டுப் பிள்ளை தானா விட்டுரும். தாய்கூடவே கெடக்கும்.

— வேப்பெண்ணெய் நக்கோ, வேணாம். அம்மா கசக்கறான்னு பிள்ளை நினைச்சுக்கும். எங்க வழக்கத்துல அம்மா கசக்க மாட்டா. மூணு நாள் காணாமப் போயிடுவா, அவ்வளவுதான்.

— காணாமப் போறது நல்லதா? டாக்டரம்மா ரெண்டு வருசம் குடுக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு மேலயும் குடுக்கலாமாம்.

— குடுக்கலாம்னா குடுத்தே ஆகணும்னு அர்த்தமா? கடையில ஒருத்தர் முன்னாடி பத்து சேலை விரிக்கறோம். பத்தையும் சுருட்டிக்கிட்டா போறாங்க? அதே டாக்டரம்மாதான், ரத்தம் கம்மியா இருக்கு, சோறு ஏத்திக் குடுங்கன்னாங்க. அதை மட்டும் மடிச்சு அலமாரியில வெச்சுட்டே.

— சோறெல்லாம் திங்கா மதினி.

— எவ்வளவு?

— காலையில ஒரு இட்லி. மத்தியானம் பருப்பு சோறு ஒரு அஞ்சாறு வாய்.

— இருபத்தொரு மாசப் பிள்ளைக்கு அஞ்சாறு வாய்! நான் ருசி பாக்கறதுக்கே அதை விட ஜாஸ்தி திம்பேன். சரி, உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். ஜூன் ஒண்ணு.

— ஆகஸ்ட்.

— ஜூன் பத்து.

— ஆகஸ்ட்னு சொல்லிட்டேன்லா மதினி.

— ஜூன் கடைசி. இதுக்கு மேல எனக்குக் கட்டுபடியாகாது. ஏம்மா, பேரம்னா ரெண்டு பேரும் இறங்கணும். நான் மட்டும் இறங்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு பேரமா, பள்ளமா?

— சரி, இறங்குதேன். ஜூன் பத்துலயே நிப்பாட்டிருவோம். ஆனா பிள்ளை எங்கயும் வராது. நீங்க இங்க வந்து இருங்க. மூணு நாளும் ஹால்ல அவளைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் படுங்க. நான் உள் ரூம்ல கதவப் பூட்டிக்கிட்டுக் கெடக்கேன்.

— இங்கயா? நக்கோ. வீடு பூரா உன் வாசனை. ராத்திரி முழுக்கக் கதவைப் பிராண்டிட்டு நிப்பா.

— அப்ப நானே கெளம்பிப் போறேன். மூணு நாளைக்கு என் சிநேகிதி பூர்ணா வீட்டுல இருந்துக்கிடுதேன். நீங்க பிள்ளைகூட இங்க இருங்க.

— அதுவும் சரிப்படாது.

— ஏன்க்கா? அது நல்ல ஐடியாதானே? லலிதாவும் இருக்க மாட்டா, பாப்பாவுக்கும் இடம் மாறாது.

— கைக்குடா, எதுக்கு நடுவுல வாயை விடறே? கால் வரும், அதுக்கு ரெடியாகு. அத்தை வீடுன்னா அத்தை வீடுதான்.

— அதான் ஏன்னு கேக்கேன். தேதியில இறங்கியாச்சு, பிள்ளைய உங்ககிட்டயே விட்டாச்சு, என் வீட்டையே விட்டுட்டுப் போறேங்கேன். இன்னும் என்னதான் வேணும்?

— எல்லாப் பிள்ளைங்களும் போன இடத்துக்கு இவளும் போகணும். வழக்கம்னா வழக்கம்.

— வழக்கம் வழக்கம்னு வந்த நேரத்துலருந்து இதையே சொல்லுதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அழுத பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்திருந்தால்ல தெரியும்? பெத்தவளுக்குத்தான் அது புரியும் மதினி.

— லலிதா!

— விடுடா முரளி. கத்தாதே. இல்லாததையா சொல்லிட்டா?

— மதினி, நான்... வாய் தவறி வந்துருச்சு.

— கடைக்கு வர்றவங்க தினம் கேக்கறாங்கம்மா, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு. கேட்டது காதுல விழாத மாதிரி அடுத்த துணிய எடுத்து உதறி விரிச்சுடுவேன். துணி நல்லா இருந்தா கேள்விய மறந்துடுவாங்க. பதினேழு வருஷமா இப்படித்தான் ஓடுது.

— மன்னிச்சிருங்க மதினி. கால்ல வேணும்னாலும் விழுதேன்.

— கால்ல விழுந்து எனக்கு என்ன லாபம்? தேதி குடு.

— இன்னுமா மதினி தேதி?

— ஹவ். அதுக்குத்தானே வந்தேன்.

— குடுக்கதுக்கு என்கிட்ட என்னத்த இருக்கு? அவ குடிக்கதே இல்ல.

— யாரு?

— சாஹிதான். நாலு நாளாச்சு. புதன்கிழமை சாயந்தரம் மடியில போட்டேன். மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. 'நக்கோ'ங்கா. உங்ககிட்டருந்து படிச்ச பேச்சு. சட்டுனு இறங்கிப் போயி, செருப்பு வைக்க இடத்துல உக்காந்து, அவங்க அப்பா ஷூவுல கரண்டியப் போட்டு எடுத்து வெளையாடுதா. திரும்பிக்கூடப் பாக்கல.

— நாலு நாளாவா? அப்ப ராத்திரி?

— ராத்திரி ஒரு வாட்டிகூட முழிக்கலங்க. ஏங்க, மூணு தடவை எழுந்து அழறாளாம், நீங்களும் தூங்கறதில்லயாம். உங்க அக்காகிட்ட கூசாமச் சொன்னீங்கள்லா?

— அது வந்து... நான் ஜெனரலா சொன்னேன். இரு, கால் வந்துடுச்சு.

— போங்க. கதவச் சாத்திக்கிட்டுப் பேசுங்க.

— அவன் போகட்டும். ஏம்மா லலிதா, நாலு நாள் முன்னாடியே நின்னுபோன பாலுக்கா இவ்வளவு நேரம் ஆகஸ்ட், ஆகஸ்ட்னு என்கிட்ட மல்லுக்கு நின்னே?

— திரும்ப வருவான்னு நெனச்சேன் மதினி. பல்லு வருதோ, தொண்டை வலிக்குதோ, இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வந்துருவான்னு. தெனம் கூப்பிட்டுப் பாக்கேன். பாவாடைய இழுத்துவிட்டுட்டு ஓடிருதா. எனக்குப் பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லு மாதிரி கெடக்கு. யார்கிட்டயும் சொல்லல. சொல்லிட்டா முடிஞ்சுபோயிருமேன்னு. நீங்க வந்து தேதி கேட்டதும், அப்ப இன்னும் இருக்குபோலன்னு எனக்கே ஒரு ஆசை.

— பைத்தியக்காரி. நாலு நாளா வலியோடவா இருக்கே? மல்லிப்பூ வெச்சுக் கட்டினியா?

— இல்ல.

— ரெண்டு முழம் வாங்கி, நெருக்கமா வெச்சுத் துணியால கட்டு. மெதுவா வத்திடும். காய்ச்சல் வந்தா மட்டும் உடனே டாக்டரம்மாகிட்ட ஓடணும், தெரியுதா? எங்கம்மாவுக்கு அந்த மௌலா அலி அத்தைதான் கட்டிவிட்டா.

— சரி மதினி. இனிமே உங்களுக்கும் நிம்மதி. ஜூனும் வேணாம், ஆகஸ்ட்டும் வேணாம். நீங்க கேட்டதுக்கும் கீழ குடுத்தாச்சு.

— ம்.

— என்ன ம்? ஜெயிச்ச ஆளு மூஞ்சியா இது? நாலு மாசமா என் உசுர எடுத்தீங்க. இப்ப என்னமோ கடையில கரண்ட் போன மாதிரி உக்காந்திருக்கீங்க.

— நாலு நாள்ல ஒரு தடவைகூடக் கேக்கலையா அவ?

— கேக்கல.

— ராத்திரி தூக்கத்துல, கையால தேடறது, சப்புக் கொட்டறது? அந்த மாதிரி எதுவும்?

— ஒண்ணும் இல்ல மதினி. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குதா.

— பிள்ளைங்க சொல்ல முடியாது. பத்து நாள் கழிச்சு திடீர்னு கேக்கும். அதுக்கு முன்னாடி முறையா அத்தை வீட்டுக்கு வந்து மறந்துட்டா ஒரு உறுதி.

— மறந்துபோனவளுக்கு என்னத்த மதினி மறக்கடிப்பீங்க?

— எங்க வீட்டுல அவளுக்குக் கட்டிலை செவுத்தோட சேத்துப் போட்டாச்சு. விழுந்துடக் கூடாதுன்னு இந்தப் பக்கம் ரெண்டு தலகாணி. சின்னக் கொசுவலை ஒண்ணு. ஜன்னலுக்கு எங்க கடையிலேருந்தே நீலக் கலர்ல துணி கிழிச்சுத் தெச்சேன், காலையில வெயில் அவ கண்ணுல விழக் கூடாதேன்னு. எங்க வீட்டுக்காரரு, அதான் உங்க அண்ணன், ராத்திரி பாப்பாவுக்குக் கதை சொல்லணும்னு, ஒரு கதைகூடத் தெரியாத மனுஷன், போன்ல கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு இருக்காரு. சிரிப்பா வருது, அந்தக் கட்டைக் குரல்ல முயல் மாதிரி பேசறாரு.

— மதினி...

— அழாதே. நான் அழறனா? முரளி இன்னும் கால்லதானே இருக்கான்?

— ஆமா. முடிய ஒரு மணி நேரம் ஆகும்.

— அப்பக் கேளு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். லாலாகுடாவுல மட்டும் யாருக்கும் தெரிய வேணாம், உங்க அண்ணனுக்குக்கூட. அவ இன்னும் பால் குடிக்கறாள்னே இருக்கட்டும். மூணு ராத்திரி வேணாம் லலிதா, ரெண்டு குடு.